இடப்புறமும் வலப்புறமும்

(சித்தூரில் பௌர்ணமிச் சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு யாத்திரை. பிடக நூல்களிற் கண்ட யாத்திரையன்று. நம் காலத்தில் நடந்தது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஐதராபாத்திலிருந்து நான்கு பெண்கள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் ஏறிப் புறப்பட்டார்கள். நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களைக் கடந்து, பர்மா, தாய்லாந்து, லாவோஸ், வியத்னாம், கம்போடியா ஆகிய தேசங்களில் சுற்றி, 56 நாட்களில் ஏறத்தாழ 17,000 கிலோ மீட்டர் ஓட்டி முடித்தார்கள். முன்னின்று நடத்தியவர் ஜெய் பாரதி என்னும் கட்டடக் கலைஞர். நால்வருள் ஒருவராகிய பியா பகதூர் அப்பயணத்தை ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதி 2019-இல் வெளியிட்டார். மீகாங் ஆற்றை நோக்கிய சாலை என்பதே அப்பயணத்துக்கும் நூலுக்கும் பெயர்.

தூரத்தைக் காதால் கேட்டால் மனத்தில் தங்காது. நம் சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சுமார் 70 கிலோ மீட்டர். பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகப் போய் மாலையில் வீடு திரும்பினால், முதுகெலும்பைத் தேய்த்துவிடச் சொல்லிப் படுத்துக்கொள்கிறோம். அவ்வாறு 120 முறை போய் வந்தால் எவ்வளவோ, அவ்வளவு இப்பயணம். நாளொன்றுக்குச் சராசரி 300 கிலோ மீட்டர், எட்டு வாரங்கள், இடையில் மலை, மழை, மண்பாதை, மொழி தெரியாத சந்தை.

மீகாங் என்பது திபெத்திலே பிறந்து, சீனத்திலிருந்து வியத்னாம் வரை ஆறு தேசங்களைத் தொட்டு, 4,000 கிலோ மீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் விழும் பேராறு. தாய்லாந்து மக்கள் ஆற்றை 'மே நாம்' என்பார்கள். 'மே' என்றால் தாய். 'நாம்' என்றால் நீர். நீர்த்தாய் என்று பொருள். காவிரியைத் தாயென்னும் நமக்கு இது விளங்காத மொழியன்று.

மோட்டார் சைக்கிள் சவாரியைத் தன்ம சபையிலே பேசுவானேன் என்று சிலர் முகங்களில் கேள்வி தெரிகிறது. காரணம் உண்டு, அதற்கு முன் அந்த வழியிலுள்ள ஒரு விநோதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்லுகின்றன. மணிப்பூரில் மோரே என்னும் எல்லையூரைத் தாண்டிப் பர்மாவின் தாமுவுக்குள் நுழைந்தால், அங்கே வலப்புறம் செல்ல வேண்டும். பர்மாவைக் குறுக்கே கடந்து மியாவதி என்னும் ஊரில் மோயி ஆற்றுப் பாலத்தின் மேலேறி, தாய்லாந்தின் மே சோட்டில் இறங்கினால், மறுபடியும் இடப்புறம். அங்கிருந்து லாவோசுக்குள் போனால் மறுபடியும் வலப்புறம். வியத்னாமிலும் கம்போடியாவிலும் வலப்புறமே. நேற்றுவரை உயிரைக் காத்த பழக்கம் இன்று காலை உயிரை வாங்கும். எல்லையைத் தாண்டிய முதல் நாளன்று, ஓய்வெடுத்துவிட்டு வெறுஞ்சாலையில் வண்டியைத் திருப்பும்போது கை தானாகவே பழைய பக்கம் போகும். எதிரே லாரி வரும்போதுதான் அறிவு விழிக்கும்.

இந்த இடமும் வலமும் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் ஆண்டவர்கள் வைத்துப்போனவை. ஆங்கிலேயன் ஆண்ட இடத்தில் இடம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட லாவோஸ், கம்போடியா, வியத்னாமில் வலம். பர்மாவை ஆண்டவனும் ஆங்கிலேயனே. ஆகையால் அங்கும் முதலில் இடப்புறமே இருந்தது. 1970-இல் படைத்தலைவர் நே வின் அரசு அதை வலப்புறமாக மாற்றியது. சோதிடன் ஒருவன் சொற்கேட்டு மாற்றினார் என்று அந்நாட்டில் ஒரு பேச்சு உண்டு. மெய்யோ பொய்யோ, ஆள்பவர் சோதிடம் கேட்பது நமக்குப் புதிதன்று. பக்கம் மாறியதேயன்றி வண்டிகள் மாறவில்லை. ஜப்பானிலிருந்து வாங்கிய பழைய பஸ்களின் படிகள் இடப்புறத்தில் இருந்தபடியால், பிரயாணிகள் நடுச்சாலையிலே இறங்க நேர்ந்தது. ஸ்வீடன் தேசத்தாரோ 1967 செப்டம்பர் 3-ஆம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, எல்லா வண்டிகளையும் நிறுத்திப் பக்கம் மாற்றி மீண்டும் ஓடச் செய்தார்கள். நான்கு மணிக்குத் தர்மமாயிருந்தது ஐந்து மணிக்குக் குற்றமாயிற்று.

ஆயினும் அன்பர்காள், சாலைவிதி பொய்யென்று நான் சொல்லவில்லை. அதற்கொரு காரணம் இருக்கிறது. இருவர் எதிரெதிரே வந்தால் மோதக் கூடாது; அதற்காக ஊரார் கூடி ஒரு பக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். நம் திருமலையைப் பாருங்கள். 1944 வரை மேலே போக மோட்டார்ச் சாலை கிடையாது. நடந்தோ டோலியிலோ போனார்கள். அவ்வாண்டு முதற் சாலை வந்தது. 1974-இல் இரண்டாவது சாலை வந்தபின், ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று ஆயிற்று. கொண்டையூசி போன்ற அவ்வளைவுகளில் எதிர் வண்டியே வராது என்ற நம்பிக்கையோடு இலட்சக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள். இது நல்ல வழக்கம். ஏன் நல்லதென்று யார் கேட்டாலும் ஒரே வரியில் விடை சொல்லலாம். விடை சொன்னவுடன் கேட்டவர் ஒப்புக்கொள்வார்.

வேறு சில வழக்கங்கள் உண்டு. நம் பாட்டன்மார் காலத்தில் சில தெருக்களில் நம்மவர் செருப்பைக் கழற்றிக் கையிலெடுத்துக்கொண்டு நடந்தார்கள். சைக்கிள் வைத்திருந்தவன் அத்தெருமுனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். இவ்வழக்கம் எந்த மோதலைத் தடுத்தது என்று கேட்டால் விடை இல்லை. கேட்டவன் முதுகில் அடி விழுந்தது. சாஸ்திரம் என்றார்கள், ஊர்க்கட்டு என்றார்கள், முன்னோர் வழி என்றார்கள். அந்த வழக்கத்தை உதறியெறிந்தவர்களின் பிள்ளைகளல்லவா இச்சபையில் அமர்ந்திருக்கிறோம்?

இப்பொழுது காரணத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் சபை கலைந்தபின் ஒரு தாயார் என்னைத் தனியே அழைத்து, "அண்ணா, பொண்ணுக்குத் திருப்பதிப் பக்கம் கம்பெனியில் வேலை கிடைச்சிருக்கு. வண்டி வாங்கிக் கேட்கிறாள். அவள் அப்பா முடியாது என்கிறார். பொம்பளைப் பிள்ளை தனியாக அவ்வளவு தூரம் வண்டியில் போய் வரலாமா? நம் தன்மத்தில் என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மையாருக்கு நின்ற நிலையில் விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சபையிலே சொல்ல வேண்டிய விடையாகத் தோன்றிற்று. ஒரு வீட்டுக் கேள்வியன்று அது.

நம் தன்மத்தில் என்ன சொல்லியிருக்கிறதென்று பார்ப்போம். பகவன் புத்தரைப் பெற்ற மாயாதேவி ஏழாம் நாள் மறைந்தார். பாலூட்டி வளர்த்தவர் சிற்றன்னை மகாபஜாபதி கோதமி. பகவன் கபிலவாஸ்துவில் தங்கியிருந்தபோது, பெண்களையும் சங்கத்திற் சேர்க்க வேண்டுமென்று அவ்வம்மை மும்முறை வேண்டினார். மும்முறையும் இசைவு கிடைக்கவில்லை. பகவன் வைசாலிக்குப் போய்விட்டார். அம்மை அழுதுகொண்டு வீட்டிலே அமர்ந்துவிடவில்லை. கூந்தலைக் களைந்தார், காவியுடுத்தார், சாக்கிய குலப் பெண்கள் பலரைக் கூட்டிக்கொண்டு வைசாலிக்கு நடந்தார். இன்றைய கணக்கில் 250 கிலோ மீட்டருக்குக் குறையாது. நாம் சித்தூரிலிருந்து பெங்களூரையும் தாண்டி நடப்பதற்கு ஒப்பு. அரண்மனைப் பெண்கள்; வெறும் பாதம்; காட்டுவழி. வீங்கிய பாதங்களோடும் புழுதி படிந்த உடலோடும் மகாவனத்து விகாரையின் வாயிலுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

ஆனந்தர் கண்டார். உள்ளே சென்று பரிந்து பேசினார். அவர் கேட்ட கேள்வியே கேள்வி: பெண்ணானவள் இல்லறம் விட்டு நின்று முயன்றால் நிர்வாண மார்க்கத்தின் இறுதிப் படியை எய்த வல்லவளா, அல்லளா? வல்லவள் என்றார் பகவன். அவ்விடையைத் தந்தபின் கதவைச் சாத்த வழியில்லை. பிக்குணிச் சங்கம் பிறந்தது. எட்டு நிபந்தனைகள் அதனோடு விதிக்கப்பட்டதாக விநய நூல் சொல்லும். அவை பின்னாளில் புகுந்தவை என்று கருதும் அறிஞரும் உளர். அந்த வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. நான் சுட்டுவது ஆனந்தர் கேட்ட முறையை. வழக்கம் என்ன என்று அவர் கேட்கவில்லை. இவளால் இயலுமா என்று கேட்டார்.

நிற்க. நம்மைச் சேர்ந்தவர்கள் எல்லாம் இவ்விடையைக் கைக்கொண்டார்கள் என்று மார்தட்டவும் இயலாது. மேற்சொன்ன நால்வர் சென்ற நாடுகளெல்லாம் பௌத்தம் ஓங்கிய நாடுகள். லாவோசில் லுவாங் பிரபாங் நகரத்தில் விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகப் பிண்டபாதம் வருவதையும், தெருவோரத்தில் பெண்கள் மண்டியிட்டுச் சோறு இடுவதையும் காண உலகத்தார் போகிறார்கள். சோறிடும் அக்கை பிக்குணியாகலாமா என்றால், ஆகாது என்பதே அந்நாட்டு வழக்கு. தாய்லாந்தில் 1928-இல் சங்கராஜர் பெண்களுக்குத் துறவு தருவதைத் தடுத்து ஆணையிட்டார். அந்நாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியை சட்சுமான் கபில்சிங் என்பவர் 2003-இல் இலங்கைக்குப் போய்ப் பிக்குணியாகி, தம்மானந்தா என்ற பெயரோடு திரும்பினார். சொந்த நாட்டுச் சங்கம் அவரைப் பிக்குணியென ஏற்கவில்லை. ஆனால் லாவோசின் எல்லையைத் தாண்டி வியத்னாமுக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே மகாயான மரபில் பிக்குணிகளும் அவர்களுக்குரிய விகாரைகளும் உண்டு. சாலையின் பக்கம் அந்த எல்லையில் மாறுவதில்லை. வலம் வலமாகவே இருக்கிறது. பெண்ணுக்கு உரியதென்ன என்பது மட்டும் மாறிவிடுகிறது. இரண்டு பக்கமும் புத்தரைத்தான் வணங்குகிறார்கள். எனக்கு இது வெட்கமாகவே இருக்கிறது. வெளியாரிடம் சொல்ல வேண்டாமென்று மறைப்பதில் பயனில்லை.

'நம் பெண்கள் இத்தனை தூரம் எந்தக் காலத்தில் போனார்கள்?' என்று கேட்பார் உளர். நம் தமிழ்க் காப்பியங்களுள் பௌத்தத்துக்குரிய மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். அதன் தலைவி ஓர் இளம்பெண். மணிபல்லவத் தீவுக்குப் போகிறாள். கடல் கடந்து சாவக நாட்டுக்குப் போகிறாள். சாவகமென்பது இன்றைய இந்தோனேசியத் தீவுகளின் பக்கம் என்பர். வஞ்சிக்கும் காஞ்சிக்கும் போகிறாள். துணைக்கு ஆண்மகன் எவனும் போகவில்லை. அவளுக்குப் பெயர் தந்த கடல் தெய்வம் மணிமேகலையோ நம் நாட்டோடு நிற்கவில்லை. கம்போடியாவில் இன்றும் நாட்டியத்திலே வருகிறாள், கையிலுள்ள பளிங்கு மணியைச் சுழற்றுகிறாள், அது மின்னுகிறது, கோடரியேந்திய அரக்கன் துரத்துகிறான், கோடரி வீச்சில் இடி இடிக்கிறது, ஆனால் அவளைப் பிடிக்க முடிவதில்லை. தாய்லாந்திலும் மேகலா என்ற பெயரால் அவளை அறிவார்கள். நாமோ அவள் பெயரைப் பெண்ணுக்கு வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை வாசற்படியில் நிறுத்துகிறோம்.

காப்பியம் வேண்டாம், கண்கண்ட சரித்திரம் வேண்டுமென்றால், மோரே–தாமு வழியையே கேளுங்கள். 1942-இல் ஜப்பானியர் படை பர்மாவுக்குள் வந்தபோது, அங்கே பிழைக்கப் போயிருந்த இந்தியர் இலட்சக்கணக்கில் கால்நடையாகத் தாயகம் திரும்பினார்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் மிகப் பலர். அவர்கள் வந்த வழிகளுள் ஒன்று தாமுவைத் தாண்டி மணிப்பூர் மலைகளில் ஏறியது. பசியாலும் காலராவாலும் மலைச்சுரத்தாலும் வழியிலே மாண்டவர் பல்லாயிரவர். கைக்குழந்தையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து அம்மலையேறிய பெண்களிடம், நீ இவ்வளவு தூரம் போகலாமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பின்னர் 1962-இல் பர்மாவில் படையாட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, மறுபடியும் ஒரு கூட்டம் வெளியேறியது. கப்பலில் தமிழகம் வந்தவர்களுள் சிலர், பிறந்த பர்மாவுக்கே திரும்பிவிடலாமென்று தரை வழியே போய், எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே குடியமர்ந்தார்கள். அங்கே ஒரு தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் உண்டு. எல்லைக்கோடு மாந்தரை என்ன செய்யுமென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1911 வரை வட ஆர்க்காட்டோடு இருந்தது நம் சித்தூர். 1953-இல் ஆந்திரத்தில் நின்றது. 1960-இல் திருத்தணி அப்பால் போயிற்று. தமக்கை இப்பால், தங்கை அப்பால் என்றிருக்கும் வீடுகள் எத்தனை!

அன்று சாவுக்கஞ்சி நடந்த வழியில் 2018-இல் நான்கு பெண்கள் தம் விருப்பத்தினால் சென்றார்கள் என்பதுதான் என் நெஞ்சைத் தொட்டது. அவ்வழியும் நிலையாக நிற்கவில்லை. 2021 பிப்ரவரி முதல் தேதி பர்மாவில் படையினர் மீண்டும் ஆட்சியைப் பறித்தார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. 2023 மே மாதம் மணிப்பூரில் கலகம் எழுந்து மோரேயும் எரிந்தது. சாலை திறந்திருந்த காலத்தில் அவர்கள் போனார்கள்.

இனி, அந்தத் தந்தையாரின் அச்சத்துக்கு வருகிறேன். அவர் அச்சத்தை நான் எள்ளவில்லை. 2022-இல் மட்டும் நம் தேசத்துச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்று அரசின் கணக்கு சொல்லுகிறது. நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஆனால் மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஆபத்தென்பதற்காகத் தடுப்பதாயின், முதலில் தடுக்க வேண்டியது யாரை? மகனுக்குப் பத்தொன்பது வயதில் கடன் வாங்கி வண்டி எடுத்துக் கொடுக்கிறோம். அவன் தலைக்கவசத்தைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, மூவரை ஏற்றிக்கொண்டு, காணிப்பாக்கத்துத் திருப்பத்தில் லாரியை முந்துகிறான், ஆண்பிள்ளை என்கிறோம். மகள் இருபத்திரண்டு வயதில் மாதச் சம்பளத்தில் வாங்குகிறேன் என்றால் ஆபத்து என்கிறோம். ஆகவே நம்மைத் தடுப்பது ஆபத்தன்று. தெருமுனையில் நிற்பவன் என்ன சொல்லுவான் என்பதே.

மெய்யான ஆபத்துக்கு மருந்து வேறு. நான் நூல் மில்லில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ரிங் பிரேமில் சைடராக வேலை செய்தவன். ஒரு ஷிப்டில் அந்தச் சந்துக்குள் மேலும் கீழும் நடந்த தூரத்தைச் சேர்த்து நீட்டினால் நானும் மீகாங்கைக் கண்டிருப்பேன். ஆனால் நான்கு சுவரைத் தாண்டியதில்லை. நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும். எங்கே நூல் அறுந்ததென்று கண் தேடிக்கொண்டேயிருக்க வேண்டும். கண்டவுடன் விரலால் எடுத்து ஒட்ட வேண்டும். கொஞ்சம் அயர்ந்தால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். அதைப் பிடுங்கப் போனவன் விரல் போகும். அங்கே பெண்கள் என் பக்கத்துச் சந்தில் நின்றார்கள். அவர்கள் கை என் கையினும் விரைவானது. இதை மேஸ்திரியும் அறிவார். கூலி போடும்போது மட்டும் மறந்துவிடுவார்கள்.

அந்த அயராமையைத்தான் பகவன் அப்பமாதம் என்றார். பரிநிர்வாணமடையும் இரவில், சூழ நின்ற சீடர்களுக்குக் கடைசியாக நினைவூட்டியதும் அதுவே. திருவள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பொச்சாவாமையென்பது அஞ்சி அடங்கியிருப்பதன்று. வீட்டுக்குள் பூட்டப்பட்டவளுக்கு அது பழகக் கிடைக்காது. சாலையின் பக்கம் மாறும் எல்லையில் வண்டியோட்டுகிறவளுக்கு ஒவ்வொரு நொடியும் அது வேண்டும்: நான் எந்த நாட்டில் இருக்கிறேன், எந்தப் பக்கம் என் பக்கம், எதிரே வருகிறவன் என்ன எண்ணுகிறான், என் உடல் களைத்ததா, நிற்க வேண்டுமா. தியானத்தில் அமர்ந்து இதைத்தான் பழகுகிறோம். ஒரு வித்தியாசம், அங்கே அயர்ந்தால் மணியடித்து எழுப்புவார்கள்.

ஜெய் பாரதி அம்மையார் பயணம் முடிந்து வந்து, நான் போனேன் என்று படம் மாட்டிக்கொண்டு அமரவில்லை. 2019-இல் ஐதராபாத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கி, ஏழைப் பெண்களுக்கும் கல்லூரிப் பெண்களுக்கும் இருசக்கர வண்டியும் ஆட்டோவும் ஓட்டப் பழக்குகிறார். எனக்கு அந்த 17,000 கிலோ மீட்டரைக் காட்டிலும் இதுவே பெரிதாகப்படுகிறது. மீகாங் வரை எல்லோரும் போக வேண்டியதில்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பஸ்ஸை எதிர்பார்த்துத் தெருவிளக்கின் கீழ் நிற்காமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்களே நம் வீடுகளில் மிகுதி.

அந்தத் தாயார் இன்றும் வந்திருக்கிறார். தந்தையாரும் பின்வரிசையில் நிற்கிறார். அவரை நான் இச்சபையில் பெயர் சொல்லி அழைக்கப் போவதில்லை. கூட்டம் முடிந்தபின் ஒரு காப்பி சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மில்லின் பின்புறத்து மைதானத்தில், வண்டி பழக விரும்பும் பெண்கள் வரலாம். பதினெட்டு வயது நிறைந்து எல்.எல்.ஆர். எடுத்தவர்களுக்கு மட்டும். சங்கத்தில் இரண்டு தலைக்கவசங்கள் உள்ளன; சொந்தத்தில் இருப்பவர்கள் கொண்டுவரவும். பழக்குவதற்குப் பெண்கள் இருவர் இசைந்திருக்கிறார்கள். ஆண்பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வர வேண்டாம். வந்தால் மைதானத்துக் கல்லும் முள்ளும் பொறுக்கும் வேலை காத்திருக்கிறது.